மூலை கருகிய கடிதம்

இது நடந்தது. கேட்டுவிட்டு யாராவது "கதை நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும், முதலிலேயே சொல்லிவிட்டேன். கதை கட்டுகிறவன் தன்னை நல்லவனாக வைத்துத்தான் கட்டுவான். தன் முகத்தில் தானே கரியைப் பூசிக்கொண்டு எவனாவது கதை கட்டுவானா? எனக்கு இதைச் சொன்ன தீர்த்தகிரி அப்படித்தான் சொன்னார். சொன்ன காலத்தில் இளம்பிள்ளையில் ஒரு தறிப் பட்டறையில் பாவு ஓட்டிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, அமாவாசை, சுடுகாடு என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. சித்திரை மாதத்து உச்சி வேளையில். வெறுங்காலை மண்ணில் வைத்தால் கொப்புளம் கிளம்பும் வெயில். அந்த வெயிலில் ஒரு மனிதர் குளிரால் பல் கிட்டி நடுங்கினார்.

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் 1944.

தீர்த்தகிரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ரோட்டோரத்தில் ஓடு போட்ட ஒற்றை அறை, அதுதான் அவர் பொறுப்பிலிருந்த தபாலாபீஸ். ஒரு மேஜை, ஒரு முத்திரைக் கட்டை, ஒரு டைம்பீஸ் கடிகாரம். காலை பதினொரு மணிக்குத் தபால் பை வரும். பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போவார். ஊரில் எழுத்துத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் கடிதத்தைக் கொடுப்பது மட்டுமல்ல, படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் அவர்தான்.

தமிழை ஏற்ற இறக்கத்தோடு அழகாகப் படிப்பார். அழ வேண்டிய இடத்தில் கேட்பவர்களை அழவைத்துவிட்டுத்தான் நிறுத்துவார். இங்கிலீஷில்தான் கோளாறு. பெரிய எழுத்து இருபத்தாறும் தெரியும். தபால் பாரங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்துவிடுவார். அதோடு சரி. இரண்டு வருஷத்துக்கு முன் சாவடிச் சுவரில் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒன்று ஒட்டினார்கள். அம்மை குத்த ஆள் வருகிறது என்று சங்ககிரியில் முதல் நாளே காதில் விழுந்திருந்தது இவருக்கு. நோட்டீஸ் முன்னால் நின்று, கண்ணை இடுக்கி, உதட்டை அசைத்து, "அம்ம குத்த வாராங்களாமா" என்றார். மறுநாள் வந்துவிட்டார்கள். அன்றையிலிருந்து அவர் இங்கிலீஷ் தீர்த்தகிரி. மறுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வருமா? பெருமை யாருக்குக் கசக்கும்!

அந்த ஊர் மருதாசலத்தின் மகன் அர்த்தநாரி பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் மலைச் சண்டைக்குப் போயிருந்தான். கோவேறு கழுதை ஓட்டும் வேலை. லாரி ஏறாத மலையில் தோட்டாவும் ரொட்டியும் கழுதை முதுகில்தான் போகும். அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆட்டையாம்பட்டிக்காரன் கந்தவேல் என்று ஒரு கூட்டாளி. இவன் சொல்லச் சொல்ல அவன் பென்சிலில் தமிழில் எழுதுவான். மாதம் ஒன்று வரும். கடிதம் வந்தால் அர்த்தநாரியின் மனைவி பூவாத்தாள் பாதிக் களையெடுப்பில் காட்டை விட்டு ஓடிவருவாள்.

"இங்கே மேகம் எங்கள் காலுக்குக் கீழே போகிறது. விறகு நனைந்து எரிய மாட்டேன் என்கிறது. பூட்ஸைக் கழற்றினால் உள்ளே அட்டை. செவலை என்று என் கழுதைக்குப் பேர் வைத்திருக்கிறேன். பூவாத்தாளைப் போலவே சொன்ன பேச்சைக் கேட்காது" என்று ஒரு கடிதம். ஊரே சிரித்தது. பூவாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கூடவே ஒரு போட்டோ. மலை முகட்டில் அர்த்தநாரி, பெரிய கம்பளிக் கோட்டில், பக்கத்தில் செவலை, கீழே வெள்ளையாக மேகம். மருதாசலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் சாமி, மேகம் கீழ போச்சுன்னா இவனுக்கு மழை எங்கிருந்து பேயும்?" என்று கேட்டார்.

அது தை மாதம். அப்புறம் இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை.

பங்குனி இருபத்தெட்டு, திங்கட்கிழமை, காலை 11.20. பையைக் கொட்டினார். பழுப்புக் கவர் ஒன்று. மருதாசலம் பேருக்கு.

நாலு மூலையும் கருப்பு.

உங்களுக்குத் தெரியும். கல்யாணக் கடிதம் மூலையில் மஞ்சள் தடவி வரும். எழவுக் கடிதம் மூலையில் கரி தடவி வரும். கரி தடவிய கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் படித்துவிட்டு அங்கேயே கிழித்துப்போடுவார்கள். கவரைக் கண்டதுமே அங்கே நின்றிருந்த இரண்டு பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். செய்தி தெருவுக்குள் ஓடியது. கால் மணியில் வாசல் நிறைந்துவிட்டது. மருதாசலம் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். பூவாத்தாள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

தீர்த்தகிரி கவரைப் பிரித்தார். ஒரு தாள், ஒரு போட்டோ.

தாள் முழுக்க இங்கிலீஷ். சின்ன எழுத்து. ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு ஓடுகிற எழுத்து. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. போட்டோவில் அர்த்தநாரி படுத்திருந்தான். கழுத்துவரை கம்பளி. கண் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு சிப்பாய்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள்.

"என்னங் சாமி எழுதியிருக்குது? படிங்க" என்றார் மருதாசலம்.

இந்த இடத்தில் தீர்த்தகிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எனக்கு இது படிக்கத் தெரியாதுங்க, சங்ககிரிக்குக் கொண்டுபோகலாம்" என்று. அவ்வளவுதான். மூன்று மைல். அங்கே கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் ஐந்து நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பார். ஆனால் நூறு கண்கள் பார்க்கின்றன. மூலையில் கரி இருக்கிறது. போட்டோவில் பிணம் மாதிரி கிடக்கிறான். இதற்கு மேல் என்ன எழுதியிருக்கும்?

உதட்டை அசைத்தார். பிறகு, "உங்கள் மகன் மலைச் சண்டையில் வீர மரணம் அடைந்தார்" என்று படித்தார். எழுதியிருப்பதைப் போலவே படித்தார். அந்தக் குரல்தான் தன்னை இன்னும் சுடுகிறது என்றார் என்னிடம்.

"தந்தி வரலீங்களே?" என்று ஒருவர் கேட்டார்.

"மலைச் சண்டையில தந்தி ஏதுங்க?" என்றார் தீர்த்தகிரி. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்துவிட்டது.

"கிழிச்சுப் போடுங்க" என்று மருதாசலம் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கவரைக் கிழித்தார். தாளையும் போட்டோவையும் எல்லாரும் அழுகிற அமளியில் மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி என்று முடிவாயிற்று. அன்றைக்குத் தாலி வாங்குவது, பிறந்த வீட்டார் வெள்ளைச் சேலை கொண்டுவருவது. அதுவரை பூவாத்தாள் கழுத்தில் தாலி இருக்கும்.

எட்டாம் நாள். சித்திரை ஐந்து, திங்கட்கிழமை. மணி 12.10.

தீர்த்தகிரி தலை குனிந்து ரசீதுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஊர் அடங்கிக் கிடந்தது. ரோட்டில் ஒரு காக்காய்கூட இல்லை. சலக்... சலக்... என்று ஒரு சத்தம் வந்தது. சங்கிலி ஆடுகிற சத்தம். மாட்டு வண்டி என்று நினைத்தார். ஆனால் சக்கரச் சத்தம் இல்லை. வாசலில் நின்றது.

நனைந்த கம்பளி வாடை அடித்தது. கூடவே குதிரை லத்தி மாதிரி ஒரு வாடை.

"அண்ணா, ஒரு காயிதம் படிக்கோணும்."

"உச்சி உருமத்துல வந்து உசுர வாங்காதப்பா. சாயங்காலம் வா" என்றார், நிமிராமலே.

"செரிங்க."

முத்திரையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் ஆள் இல்லை. எழுந்து போய் ரோட்டைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கண்ணெட்டிய தூரம் கானல்தான் ஆடியது. அதற்குள் எங்கே போனான்?

வாசற்படியைப் பார்த்தார்.

ஈரம். பூட்ஸ் தடம். மஞ்சள் நிறச் சேறு. எங்கள் பக்கத்து மண் சிவப்பும் கருப்பும்தான், அந்த மஞ்சளை அவர் பார்த்ததில்லை. ஊரில் மழை பெய்து ஐந்து மாதம். ஆறு தடங்கள் இருந்தன. ஆறும் வலது கால். இடது காலுக்குத் தடமே இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் காய்ந்து போயிற்று. "கண்ணு கட்டுதுபோல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார். 

பன்னிரண்டாம் நாள். வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பூவாத்தாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள். அழுது அழுது கண் சின்னதாகப் போயிருந்தது.

"அண்ணா... அந்தக் காயிதத்துல செவலையப் பத்தி ஒன்னுமே இல்லீங்களா?"

"சாவுக் காயிதத்துல கழுதையப் பத்தி எழுதுவாங்களா, தாயி?"

"இல்லீங்கண்ணா. மனசு ஒப்ப மாட்டீங்குது. எம்பட மனசு அவுரு இருக்கறாருங்குது. நீங்க படிச்சவீங்க. நீங்களே இன்னொருக்கா நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. செவ்வாக்கெழம தாலிய வாங்கீருவாங்க."

"கிழிச்சாச்சே தாயி."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தீர்த்தகிரி ரோட்டை எட்டிப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தார். இப்போது யாரும் பார்க்கவில்லை. நிதானமாகப் பார்த்தார்.

தாளின் தலைப்பில் அச்சடித்த பெரிய எழுத்துகள். அன்று கூட்டத்தில் அவர் கண்ணில் படவில்லை. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். எச். ஓ. எஸ். பி. ஐ. டி. ஏ. எல். கூட்டிப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரி!

தாளின் மூலையும் கருப்பாகத்தான் இருந்தது, தேய்த்துப் பார்த்தார். கரி விரலில் ஒட்டவில்லை. தடவிய கரி இல்லை அது. எங்கேயோ நெருப்புப் பட்டுக் கவரோடு தாளும் கருகியிருந்தது.

போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தார். கம்பளிக்குள் வலது கால் மேடாகத் தெரிந்தது. இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே கம்பளி தட்டையாகக் கிடந்தது.

செத்தவனைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்தும் கடிதம் போடுவார்கள், ஏன் போட மாட்டார்கள் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். மனசு கேட்கவில்லை. மணி பார்த்தார். 12.15.

சலக்... சலக்...

கை அப்படியே நின்றது.

அறை குளிர்ந்தது. மார்கழிக் குளிர் இல்லை. எலும்புக்குள் ஊசி இறங்குகிற குளிர். வாயிலிருந்து புகை வந்தது. சித்திரை வெயிலில், தன் வாயிலிருந்து!

வாசல் வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான். பெரிய கோட்டு. விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"நான் சொன்னத அந்தம்மா செரியா எழுதியிருக்காங்களான்னு பாக்கோணுங்கண்ணா. படிங்க."

அர்த்தநாரியின் குரல்.

தீர்த்தகிரி என்ன செய்தார் தெரியுமா? தாளைக் கையில் பிடித்தார். கண்ணை இடுக்கினார். உதட்டை அசைத்தார். உயிர் போகிற பயத்திலும் படிக்கிற மாதிரி நடித்தார். பாழாய்ப்போன பெருமை, பேய்க்கு முன்னால்கூட விடவில்லை அவரை.

"சத்தமாப் படிங்கண்ணா... கேக்குலீங்க."

தாளின்மேல் ஏதோ நெளிந்தது. கருப்பாக. விரல் நீளம். அட்டை. நகர்ந்து நகர்ந்து அவர் கட்டைவிரலில் ஏறியது.

அவ்வளவுதான் அவருக்கு நினைவு. பிற்பகல் ஒன்றரை மணிக்கு மனைவி பாப்பாயி தேடிக்கொண்டு வந்தபோது மேஜைக்குக் கீழே கிடந்தார். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. கட்டைவிரலில் ரத்தம் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. என்ன கடித்தது என்று அவர் சொல்லவில்லை.

பாப்பாயி மாரியம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தாள். பூசாரியிடம் பாதியை மட்டும் சொன்னார் தீர்த்தகிரி. அர்த்தநாரி வருகிறான், கடிதம் படிக்கச் சொல்கிறான் என்று. தனக்குப் படிக்கத் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வைத்தியம் கேட்டால் வைத்தியம் எப்படி இருக்கும்?

"தூரத்துல அகாலமாச் செத்தவனுக்குத் தான் செத்தது தெரியாதுங்க" என்றார் பூசாரி, திருநீற்றைப் பூசிக்கொண்டே. "சுத்திச் சுத்தி வருவான். அடுத்தாப்புல வந்தா பயப்படாதீங்க. மூஞ்சியப் பாத்து, நீ செத்துட்டே, போன்னு சொல்லிப்போடுங்க. போயிருவான்."

பதினைந்தாம் நாள். சித்திரை பன்னிரண்டு, திங்கட்கிழமை. மறுநாள் கருமாதி. காய்ச்சல் விட்டும் விடாமலும் தபாலாபீசுக்குப் போனார். போகாவிட்டால் ஊர் ஏன் என்று கேட்கும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அன்று காலை முழுக்க அவர் மனசுக்குள் ஒரு சண்டை நடந்தது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். சங்ககிரிக்குப் போய்விடலாமா என்று இரண்டு தரம் எழுந்தார். இரண்டு தரமும் உட்கார்ந்தார். அர்த்தநாரி உயிரோடு இருப்பதாகக் கடிதம் சொன்னால்? பதினைந்து நாளாக ஒரு பெண்ணைக் கதறவிட்டவன் என்று ஊர் காறித் துப்பாதா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? செத்ததாகவே சொல்லட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாராம். அதைச் சொன்னபோது அவர் தலை இன்னும் கீழே போயிற்று.

மணி 12.20.

சத்தம் வரவில்லை இந்தத் தரம். குளிர்தான் முதலில் வந்தது.

நிமிர்ந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றான். உள்ளேயே வந்துவிட்டான். முகம் தெரிந்தது. மெலிந்து, வெளுத்து, தாடியோடு... ஆனால் அர்த்தநாரிதான். கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சுகிற கண்.

"படிங்கண்ணா. பூவாத்தா அழுவறா. எனக்குக் கேக்குதுங்க."

தீர்த்தகிரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனக்குப் படிக்கத் தெரியாது அர்த்தநாரி. இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"எனக்கு..." என்று ஆரம்பித்தார்.

அப்போது கதவுக்கு வெளியே ரோட்டில் மருதாசலம் வருவது தெரிந்தது. மறுநாள் சடங்குக்கு அழைக்க வருகிறார். இன்னும் முப்பது அடி. சொன்னால் அவர் காதில் விழும்.

"எனக்கு... என்னங்கண்ணா?"

இருபது அடி.

"நீ செத்துட்டே, அர்த்தநாரி" என்றார் தீர்த்தகிரி, அடிக்குரலில். "போ."

"நானுங்களா?"

"ஆமா."

"காயிதத்துல... அப்பிடியா எழுதியிருக்குது?"

பத்து அடி.

"அப்பிடித்தான் எழுதியிருக்குது. போ."



"அப்பிடிங்களா..."

கை கூப்பினான்.

"நீங்க படிச்சாச் செரியாத்தான் இருக்கும். வாரனுங்கண்ணா."

இல்லை. ஆள் இல்லை.

வெயில் உள்ளே வந்தது.

மருதாசலம் வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். "யாருகூடச் சாமி பேசீட்டிருந்தீங்க? இதென்ன, உள்ள இத்தன சில்லுங்குது!" என்றார். தீர்த்தகிரி ஒன்றும் இல்லை என்றார்.

மறுநாள் கருமாதி நடந்தது. தாலியை வாங்கும்போது பூவாத்தாள் கதறவில்லை. கூட்டத்தில் தேடித் தீர்த்தகிரியை ஒரு பார்வை பார்த்தாள். இப்போதாவது ஏதாவது சொல்லமாட்டாரா என்கிற பார்வை. அவர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு உச்சி வேளையில் யாரும் வரவில்லை. பூசாரி சொன்னது பலித்தது என்று பாப்பாயி கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

வைகாசியில் சர்க்கார் முத்திரையோடு ஒரு நீளக் கவர் வந்தது. "ஒரு சாவுக்கு எத்தனை காயிதம்? கிழிச்சுப்போடுங்க சாமி" என்றார் மருதாசலம். தீர்த்தகிரி பிரிக்காமலே கிழித்தார்.

ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வலது கை தோளிலிருந்து துவண்டு தொங்கிய ஓர் ஆள் தபாலாபீசுக்கு வந்தான். ஆட்டையாம்பட்டி கந்தவேல். கடிதங்களை எழுதிக் கொடுத்தவன். முதல்முதலாகப் பார்க்கிறார் தீர்த்தகிரி. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"அர்த்தநாரி அடிக்கடி சொல்லுவானுங்க. ஊருக்குப் போனா மொதல்ல தீர்த்தகிரியண்ணனப் பாரு, படிச்சவருன்னு" என்றான் கந்தவேல். "செவலை சரிவுல உருண்டப்போ இவனையும் இழுத்துட்டுப் போயிருச்சு. கால் நசுங்கிப் போச்சு. ஆஸ்பத்திரியில முழங்காலோட எடுத்துட்டாங்க. அப்ப நான் கூட இல்லீங்க. நர்சம்மாகிட்டச் சொல்லிக் காயிதம் போட்டிருக்கான். அந்தம்மாவுக்குத் தமிழ் பேசத்தான் வருமாம், எழுத வராதாம். இங்கிலீசுல போட்டாப் படிக்க ஆளிருக்கான்னு கேட்டிருக்குது. எங்கூர்ல தீர்த்தகிரியண்ணன் இருக்காரு, அவருக்கு இங்கிலீசு தண்ணி பட்ட பாடுன்னு இவந்தான் சொன்னானாமுங்க."

தீர்த்தகிரி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"கால் போச்சு, உசுரு கெட்டி, வைகாசிக்கு ஊட்டுக்கு வாரேன், பூவாத்தாள அழுவ வேண்டாம்னு சொல்லுங்க. இதத்தானுங்க சொல்லி எழுதச் சொன்னானாம். போட்டோ எடுக்கையில தூங்கிப்போட்டேன், அதப் பாத்துப் பயந்துருவாங்களோன்னு ஒரே கவலை அவனுக்கு."

"நீங்க... எப்பப் பாத்தீங்க அவன?"

"எம்பட கையில குண்டு பட்டு அதே வார்டுல, பக்கத்துக் கட்டில்ல போட்டாங்க. சித்திரை மொதத் தேதி. நல்லாத்தான் இருந்தான். ஆனா ஒரு திங்கக்கெழம உருமத்துல ஒடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. கண்ணத் தொறந்தபடி கெடந்தான். கால் மணி நேரம். எந்திரிச்சதும், எங்கூருக்குப் போனேன், அண்ணன் சாயங்காலம் வான்னாருன்னான். கனான்னு சிரிச்சேனுங்க. வெள்ளிக்கெழமயும் அதே மாதிரி. அண்ணன் படிக்கறாரு, சத்தம் கேக்க மாட்டீங்குதுன்னான்."

"அப்புறம்?"

"அடுத்த திங்கக்கெழம. காலையில டாக்டர் வந்து ஊருக்குப் போகலாம்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. சந்தோசமாச் சோறு தின்னுட்டு இருந்தான். எதுத்த செவுத்துல கடிகாரம். பன்னண்டு இருவது. தட்டக் கீழ வெச்சான். யாரோ பெரியவீங்க முன்னால நிக்கற மாதிரி கையக் கூப்பினான். அப்பிடிங்களான்னான். என்னப் பாத்துத் திரும்பி, கந்தவேலு, நான் செத்துட்டேனாமா, காயிதத்துல எழுதியிருக்குதாமா, அண்ணன் படிச்சுச் சொன்னாருன்னான். கம்பளிய அவனே இழுத்து மூஞ்சிக்கு மேல போட்டுக்கிட்டான். அவ்வளவுதானுங்க. டாக்டரு வந்து பாத்துட்டு, இதுக்குச் சாக ஒரு காரணமும் இல்லையேன்னு கையப் பெசஞ்சாரு."

தீர்த்தகிரி மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தார். அன்று தன் மேஜைக்கு எதிரில் நின்றவன் செத்தவன் இல்லை. உயிரோடு இருந்தவன். ஊருக்குப் புறப்பட இருந்தவன்.

"ஏனுங்க, அவம் பொஞ்சாதியப் பாத்து இதச் சொல்லீட்டுப் போறேனுங்க" என்று எழுந்தான் கந்தவேல். "ஊடு எதுங்க?"

தீர்த்தகிரி வாயைத் திறந்தார். ரோட்டில் பூவாத்தாள் வெள்ளைச் சேலையில், தலையில் புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தாள். கடைசித் தரமாக ஒரு வாய்ப்பு, அவரைத் தேடி நடந்தே வந்தது.

"அவுங்க இங்க இல்லீங்க. ஊட்டோட எல்லாரும் ஆத்தூருப் பக்கம் போயிட்டாங்க" என்றார்.

பூவாத்தாள் வாசலுக்கு நேராக வந்ததும் நின்றாள். "அண்ணா, மணி என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

"மூனே முக்கால், தாயி."

அவள் போனாள். கந்தவேல் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்ன வயசா இருக்குது, பாவம். யாருங்க அது?"

"யாரோ. எனக்குத் தெரியாதுங்க" என்றார் தீர்த்தகிரி.

நாலு பத்துக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் வந்தது. கந்தவேல் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து ஏறிப் போனான்.